நிலாவெளி வானுக்கு எந்த டீசல்?

நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியிறக்கும் வான் சாரதி ஒருவர் கேட்டார்: "சுப்பர் டீசல் அடிச்சா வான்ட இழுவை கூடுமோ, இல்லாட்டி காசுதான் கரியோ?" பெற்றோல் செட்டில் சாதாரண ஓட்டோ டீசல் ஒரு விலை, சுப்பர் டீசல் இன்னொரு விலை. கேட்க வேண்டிய கேள்விதான்.

டீசல் எஞ்சினில் பொறி தட்டும் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடி சுடுமே, அதே சூடு இங்கே 500 பாகையைத் தாண்டும். அதற்குள் தூவும் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆனால் உடனே அல்ல, ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு பிந்தி. அந்தத் தாமதம் நீண்டால் டீசல் உள்ளே சேர்ந்து, பிறகு எல்லாம் ஒரேயடியாக எரியும். 'டக் டக்' என்று நாம் கேட்பது அதைத்தான். டீசல் எவ்வளவு விரைவாகத் தானே பற்றும் என்பதைக் காட்டும் அளவுதான் சீட்டேன் எண். அது கூடக்கூடத் தாமதம் குறையும்.

ஏன் குறைகிறது? எனக்கு இந்த இடம் அலுப்பதே இல்லை. டீசல் மூலக்கூறு காபன் அணுக்கள் கோத்த சங்கிலி. ஒட்சிசன் வந்து சங்கிலியின் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். நேரான நீளச் சங்கிலி என்றால், பாம்பு வளைந்து தன் உடலையே கவ்வுவதுபோல, ஒட்டிய ஒட்சிசன் வளைந்து அதே சங்கிலியின் ஐதரசன் ஒன்றைப் பிடுங்கும். அங்கே உண்டாகும் பிணைப்பு மெலிந்தது. சூட்டில் உடைந்து துண்டுகள் சிதறும். அவை அடுத்த மூலக்கூறுகளைத் தாக்கும். கிளைகள் நிறைந்த மூலக்கூறில் இப்படிப் பிடுங்க எளிதான ஐதரசன் குறைவு, ஆகவே பற்றப் பிந்தும். 16 காபன் கொண்ட நேர்ச்சங்கிலியான சீட்டேனுக்கு 100 என்ற மதிப்பு வந்தது இதனால்தான். பெற்றோலுக்கு வேண்டியதோ நேரெதிர்க் குணம்.

திருகோணமலைச் சீனன்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகள் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. அக்காலக் கப்பல்களின் கொதிகலனில் எண்ணெய் சும்மா எரிந்தால் போதும்; சீட்டேன் எண் பொருட்டே இல்லை. எந்த எரிபொருள் நல்லது என்பதை எரிக்கும் இயந்திரமே தீர்மானிக்கிறது.

சீட்டேன் எண்ணை விட்டால், சுப்பர் டீசலின் அடுத்த வேறுபாடு கந்தகம்; அதில் இது குறைவு. ஐரோப்பாவின் யூரோ 4 தரம் பத்து இலட்சத்தில் 50 பங்கு கந்தகத்துக்கு மேல் விடாது. யூரோ 5 வெறும் 10. கந்தகம் எரிந்து அமிலமாகும், புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் வடிகட்டியையும் வினையூக்கியையும் கெடுக்கும். ஐதரசனால் அதை அகற்றும்போது எரிபொருளின் வழவழப்பும் குறைவதால், அதற்கென ஒரு சேர்மானம் கலக்கிறார்கள்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் 'இலேசாக' ஓடும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். அது அதே வழவழப்பைக் கெடுத்து, டீசல் பம்பையும், டீசலைத் தூவும் இன்ஜெக்டரையும் தேய்க்கும். பள்ளி ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் குழாயில் காற்றை அமுக்கிப் பஞ்சைப் பற்றவைக்கும் சின்னக் கருவி ஒன்று இருந்தால் டீசல் எஞ்சினில் பொறியில்லாமல் தீப்பற்றுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கண்முன் காட்டலாம்.

சாரதிக்கு என் பதில்: பழைய வான் என்றால் இழுவை அதிகரிக்காது, இரண்டு டீசலிலும் லீற்றருக்குள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். கொமன் ரெயில் எஞ்சினும் (ஒரே பொதுக்குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) புகைவடிகட்டியும் உள்ள புதியது என்றால் சுப்பர்தான். நாளைக் காலை, எஞ்சின் ஆறியிருக்கையில் ஸ்டார்ட் செய்து காது கொடுங்கள்: முதலில் டக் டக்கென்று உரத்துக் கேட்டு, சூடேறச் சூடேற அடங்கிப்போகும். குறைவது அந்தத் தாமதந்தான்.