வின்யெட்: ஓரக்கருக்கல்

“ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்கே சார், கேமரா ரிப்பேரா?” பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு லேப் தம்பி கேட்டார்.

காசிமேட்டில் விடிந்ததும் எடுத்த ரோல் அது. மொத்தமே 12 படம். முதல் மூன்றும் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்தவை. என் ஹோல்கா கேமராவில் பார்க்கும் கண்ணாடி வேறு, லென்ஸ் வேறு. மூடி இருப்பதே தெரியாது. மிச்சப் படங்களில் மீன் கூடை நடுவில் பளிச்சென்று இருக்கிறது. சுற்றியுள்ள படகுகள் மூலைக்குப் போகப் போக இருட்டில் அமிழ்கின்றன.

இந்த மூலை இருட்டுதான் வின்யெட். கல்யாண ஆல்பம் செய்பவர்கள் ‘விக்னெட்’ என்பார்கள். பிரெஞ்சில் அந்த ‘க்’ ஒலிக்காது. சொல்லின் பொருள் சின்னத் திராட்சைக் கொடி. பழைய புத்தகங்களின் ஓரத்தில் வரைந்த கொடி அலங்காரத்துக்கு வைத்த பெயர், பிறகு சட்டமில்லாமல் தாளோடு கரையும் சிறு படங்களுக்கும் ஆனது. 19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்காரர்கள் முகத்தைச் சுற்றி வெள்ளையாகக் கரைத்தார்கள். அன்று ஓரம் வெளுத்தது, இன்று கறுக்கிறது. (எழுத்தில் வின்யெட் என்றால் குறுஞ்சித்திரம், அது தனிக் கதை.)

ஹோல்கா 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் பிறந்த மலிவு பிளாஸ்டிக் கேமரா. பெயர், கண்டோனியத்தில் ‘நல்ல வெளிச்சம்’ என்ற தொடரிலிருந்து வந்ததாம்! அதன் 60 மி.மீ. பிளாஸ்டிக் லென்ஸ், 120 என்ற அகலமான ஃபிலிம் ரோலில் பக்கத்துக்கு 56 மி.மீ. சதுரத்தை நிரப்ப வேண்டும். மூலைக்கு ஒளி சாய்ந்து போவதால், கணக்குப்படியே நடுவில் விழுவதில் ஏறக்குறைய பாதிதான் அங்கே சேரும்.

தமிழில்? ‘கொடிப்படம்’ என்றால் யாருக்கும் புரியாது. ‘விளிம்பு மங்கல்’ பரவாயில்லை, ஆனால் மங்கல் என்றதும் ஃபோகஸ் போனது போலப் படும். ஹோல்காவில் அதுவும் நடக்கும் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. என் ஓட்டு ‘ஓரக்கருக்கல்’ என்பதற்கு. ‘கருக்கலில் கிளம்பினோம்’ என்கிறோமே, அந்த அரையிருட்டு. படகு கண்ணுக்குத் தட்டுப்படும் இருட்டு. கோயில் தூண்களில் செதுக்கும் கொடி வேலைப்பாட்டுக்குக் கொடிக்கருக்கு என்று பெயர். வெறும் ஒலி ஒற்றுமை என்றே வைத்துக்கொள்வோம், இருந்தாலும் பழைய கொடி எட்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கவர் மேல் பேனாவால் எழுதினார்: “ஓரம் கருப்பு, ஓகே.”