பரம்பரை வேறு, மரபணு வேறு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் கர்ப்பிணிகளுக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். 'புகைபிடித்தலும் பரம்பரைக் காரணங்களும் பிரசவச் சிக்கலை உண்டாக்கும்' என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் இருந்த அம்மாள் அதைப் படித்ததும் மருமகளிடம், "உங்கள் பரம்பரையில் யாருக்கு அப்படி இருந்தது?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த இளஞ்சிவப்பு அட்டைப் பதிவேட்டின் முனையை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தாள். செம்பனைக் குலை வெட்டும் மகன் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

'ஜெனெட்டிக்' வரும் இடத்திலெல்லாம் 'பரம்பரை' என்று போடுவதை எத்தனை முறைதான் பார்ப்பது! ஜீன் என்பது 1909-இல் டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் கிரேக்க வேரிலிருந்து ஆக்கிய சொல். தமிழில் அது மரபணு. பரம்பரை வடமொழியிலிருந்து வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது என்று பொருள்.

மரபணுவில் நேர்வதெல்லாம் முன்னோரிடமிருந்து வருவதில்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் பிழை காணப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை கருமுட்டை முதிரும்போதோ கரு உருவாகும்போதோ புதிதாக நேர்ந்தவை. பெற்றோரிடமிருந்து வந்த மரபணு அமைப்பும் தானாகவே நோயாகிவிடாது. நச்சுப் பொருள்களை உடலிலிருந்து அகற்ற உதவும் ஜிஎஸ்டிடி1 என்னும் மரபணு சிலருக்கு இருப்பதே இல்லை. பாஸ்டனில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், அது இல்லாத தாய்மார் புகைபிடித்தபோது குழந்தையின் எடை, அது உள்ள தாய்மாருக்குக் குறைந்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் குறைந்தது. புகைபிடிக்காத தாய்மாருக்கு அந்தக் குறையால் மட்டும் கேடு வரவில்லை. கேட்டைத் தொடங்கிவைப்பது புகை. 'பரம்பரை' என்று எழுதியவுடன் புகை தப்பித்துக்கொள்கிறது. பழி பெண் வீட்டின்மேல் விழுகிறது.

ஜீனுக்கு இலங்கைப் பாடநூல்களின் 'பரம்பரையலகு' போதும் என்போர் உண்டு. அணு வடசொல் என்பது அவர்கள் வாதம். பரம்பரையும் வடசொல்தானே! அதே பாடநூல்கள் மரபணுவை ஆராயும் துறையைப் 'பிறப்புரிமையியல்' என்கின்றன. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து மடிந்த தோட்டத்துப் பாட்டிமாரின் ஊரில் பிறப்புரிமை என்றால் குடியுரிமைதான் நினைவுக்கு வரும். மரபியல் நம் பழஞ்சொல். தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று ஒன்பது இளமைப் பெயர்களோடுதான் தொடங்குகிறது. பிறப்பை ஆராயும் துறைக்கு வேறு பெயர் எதற்கு? மரபுக்கும் வழிவழி வருவது என்ற பொருள் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் அணு சேர்ந்ததும் சொல் உயிரணுவுக்குள் போய்விடுகிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள் விசாரிப்பது பரம்பரையை, மரபணுவை அல்ல.

அந்தப் பெண்ணின் தாளை வாங்கி, அச்சிட்ட வரியை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன்: 'புகை எந்தக் கர்ப்பத்துக்கும் கேடு; அருகில் இருப்பவர் விடும் புகையும் அப்படியே. மரபணு அமைப்பைப் பொறுத்துச் சிலருக்கு அந்தக் கேடு கூடும்.' அம்மாள் அதை வாங்கிப் படித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.