ஆலிவர் பிறந்தது பணிமனையிலா?

'ஆலிவர் ட்விஸ்ட் ஒரு பணிமனையில் பிறந்தான்.' ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இந்த வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. பணிமனை என்றால் நமக்குக் கண்முன் வருவது பஸ் டிப்போவும் டீசல் வாடையும்தான். பிள்ளை டயர்களுக்கு நடுவே பிறந்தானா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மூலச்சொல் ஒர்க்ஹவுஸ். இங்கிலாந்தில் கதியற்ற ஏழைகளைத் தங்கவைத்து, சோறு போட்டு, வேலை வாங்கிய இடம். சொல்லில் வேலை, வீடு இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் சொல்லைப் பிரித்தால் முழுப் பொருள் கிடைக்காது, அந்நாட்டின் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே கிடைக்கும் வாழ்க்கை, வெளியே உள்ள கடைநிலைக் கூலியின் வாழ்க்கையைவிடக் கீழாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அப்போதுதான் உதவி கேட்டு வர அஞ்சுவார்களாம். மூன்று ஆண்டு கழித்து 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவல் தொடராக வரத் தொடங்கியது. மூன்று வேளையும் நீர்க்கஞ்சி, வாரம் இருமுறை ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரை ரொட்டி என்று அதில் வருவது இந்தச் சட்டத்தின் மேல் வைத்த கேலி.

சிலர் 'அனாதை இல்லம்' என்கிறார்கள். இது பணிமனையைவிட மோசம். பணிமனை சிரிக்க வைக்கும். இது நம்ப வைத்துவிடும். ஒர்க்ஹவுஸில் கிழவர்களும் நோயாளிகளும் குடும்பத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். வந்ததும் கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் பிரித்துவிடுவார்கள். அனாதைகளைக் காத்த இடம் இல்லை, இருக்கும் குடும்பத்தையும் கலைத்த இடம். அப்புறம், 'இல்லம்' என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் கருணையை என்ன செய்வது? ஒன்பது வயதுப் பையனைக் காலை ஆறு மணிக்குப் பழைய கயிற்றைப் பிரித்து நாராக்க உட்காரவைப்பதா இல்லம்?

'கஞ்சித்தொட்டி' என்றார் ஒரு நண்பர். அழகான சொல், பஞ்ச காலத்து நினைவும் அதில் உண்டு. ஆனால் அங்கே கஞ்சி குடித்தவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

நான் எழுதுவது 'வறியோர் உழைப்புக்கூடம்'. நீளம்தான். முதல்முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் உழைப்புக்கூடம் என்றால் போதும். சிறைக்கூடத்தின் சாயலும் வருகிறது, வரட்டும்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் பழக்கம் இந்தச் சொல்லோடு நிற்கவில்லை. ஏழைகளுக்குப் படியளந்த ஊர் நிர்வாகமான பேரிஷ், தமிழில் வெறும் 'திருச்சபை' ஆகிவிடுகிறது. ஒர்க்ஹவுஸை நடத்திய குழுவுக்கும் பலகைக்கும் ஆங்கிலத்தில் போர்டு என்ற ஒரே சொல்தான். 'போர்டை வணங்கு' என்று ஆலிவரிடம் சொல்லும் இடத்தில் 'வாரியத்தை வணங்கு' என்று போடுகிறார்கள். மூலத்தில் பையன் பலகை எங்கே என்று தேடி, காணாமல், மேசையைக் கும்பிடுகிறான். வாரியம் என்று போட்டதும் அந்தச் சிரிப்பு போயிற்று. சரி, இதற்கு மட்டும் என்னிடமும் சொல் இல்லை.