எலக்ட்ரிக் கார் வாங்குவோருக்கு அரசு தரும் சலுகைகள்: எது உண்டு, எது இல்லை

"மானியம் எல்லாம் போகத்தான் இந்த விலை" என்று ஷோரூமில் சொன்னால், எந்த மானியம் என்று கேளுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு மத்திய அரசின் நேரடி மானியம் கிடையாது. 2019 முதல் 2024 மார்ச் வரை நடந்த, ஃபேம் என்ற மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில்கூட, கார் மானியம் டாக்சி போன்ற வாடகை வண்டிகளுக்குத்தான் இருந்தது. அதன்பின் 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்க்கப்பட்டன, சார்ஜிங் நிலையங்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. கார் இல்லை.

அப்படியானால் சலுகையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பணமாகக் கைக்கு வராது. கட்ட வேண்டிய வரி குறைகிறது.

முதலாவது ஜிஎஸ்டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் எலக்ட்ரிக் வாகனங்களுக்கு 5 சதவீதம்தான். பெட்ரோல் காருக்கு முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்ததால் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று அந்தக் கணக்கு மாறியது. நான்கு மீட்டருக்குள் இருக்கும், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமாக இறங்கியது. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். ஆக, சின்ன காரில் எலக்ட்ரிக்குக்கு இருந்த வரிச் சாதகம் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. பெரிய காரில் இன்னும் நன்றாகவே இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் எழுதிய விலை ஒப்பீட்டை வைத்து இன்று முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது சாலை வரி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு உண்மையான பலன் இங்கேதான். 2023 நவம்பர் முதல் நம் மாநிலத்தில் புதிய காருக்கு ஆயுள் வரி (அதாவது ஒரே தடவையில் கட்டிவிடும் சாலை வரி), மதிப்பு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பேட்டரி வாகனங்களுக்கு இந்த வரியில் முழு விலக்கு தரப்பட்டது. மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கை இதை 2025 டிசம்பர் 31 வரை என்று வைத்தது.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒரே அளவிலான இரண்டு கார்கள்: பெட்ரோல் 11 லட்சம், எலக்ட்ரிக் 15 லட்சம். பார்த்த உடனே 4 லட்சம் அதிகம் என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், அதாவது 1.98 லட்சம் சாலை வரி சேரும். விலக்கு இருந்தால் எலக்ட்ரிக்குக்குச் சேராது. வித்தியாசம் 2 லட்சத்துக்கு வந்துவிடும். விலக்கு இல்லாவிட்டால் எலக்ட்ரிக்குக்கும் 2.7 லட்சம் கட்ட வேண்டும், வித்தியாசம் 4.72 லட்சம் ஆகிவிடும். விலக்கு தரும் ஒரே ஒரு அரசாணைதான் இவ்வளவையும் தீர்மானிக்கிறது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன், அன்றைக்கு நடப்பில் உள்ள அரசாணை எந்தத் தேதி வரை என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். புக்கிங் செய்த நாள் கணக்கில் வராது, வண்டி பதிவாகும் நாள்தான் முக்கியம். டெலிவரிக்கு இரண்டு மாதம் ஆகும் மாடல் என்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதோடு, 2021 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் அறிவிப்புப்படி பதிவுக் கட்டணமும், பின்னாளில் ஆர்சி புதுப்பிக்கும் கட்டணமும் பேட்டரி வாகனங்களுக்கு இல்லை. சின்னத் தொகைதான், ஆனாலும் பில்லில் அப்படி ஏதும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருமான வரி. கார் கடன் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று 80இஇபி பிரிவைப் பற்றி இன்னும் பலர் சொல்கிறார்கள். அது 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். இன்று வாங்கும் கடனுக்கு இல்லை.

இன்சூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. மூன்றாம் நபர் பிரீமியத்தில் (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கட்டாயக் காப்பீடு) எலக்ட்ரிக்குக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் காருக்கு இன்ஜின் சிசியைப் பார்த்துக் கட்டணம் போடுவதுபோல், இதற்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்துப் போடுகிறார்கள். 2022 ஜூனில் அமலான பட்டியலில், 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட புதிய எலக்ட்ரிக் காருக்கு மூன்று ஆண்டு பிரீமியம் 20,907 ரூபாய். 1,200 சிசி பெட்ரோல் காருக்கு 10,640. இப்போது விற்கும் எஸ்யூவி வகை எலக்ட்ரிக் கார்கள் பலவும் 65ஐத் தாண்டியவை. தள்ளுபடி போகவும் கூடுதலாகத்தான் கட்டுவீர்கள். இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் விதி இதுதான்.

சரி, ஓட்டும் செலவு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 150 யூனிட் மின்சாரம் ஆகும். வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ள விதி அனுமதிக்கிறது. ஆனால் நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும். காருக்கு மட்டும் 300 யூனிட் கூடும்போது, இதுவரை 400 யூனிட்டில் இருந்த வீடு 500ஐத் தாண்டி உயர்ந்த படிக்குப் போய்விடும். யூனிட் 9 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 1,350 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால் 6,700 ரூபாய். மாதம் 5,300 ரூபாய் மிச்சம். மேலே சொன்ன 2 லட்சம் மூன்று வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும். விலக்கு இல்லாத 4.72 லட்சத்துக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆகும்.

மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு இந்தச் சலுகைகள் எதுவும் பணத்தளவில் போதாது; அவர் பெட்ரோல் காரே வாங்கலாம். அபார்ட்மெண்டில் சார்ஜிங் பாயிண்ட் வைக்கச் சங்கம் இன்னும் சம்மதிக்கவில்லை என்றால் அதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஷோரூமுக்குப் போங்கள். தினமும் வெளியே சார்ஜ் செய்து ஓட்டினால் மேலே சொன்ன மிச்சத்தில் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போக வாய்ப்பு இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாலை வரி விலக்கு அந்தந்த மாநிலத்தோடு சரி. கேரளம் 2025 பட்ஜெட்டில் எலக்ட்ரிக் காருக்கான வரியை 15 லட்சத்துக்கு மேல் 8 சதவீதமாகவும், 20 லட்சத்துக்கு மேல் 10 சதவீதமாகவும் உயர்த்தியது. இங்கே வரியில்லாமல் பதிவான வண்டியை அங்கே மறுபதிவு செய்யப் போனால், அந்த ஊர் வரி விதிதான் பொருந்தும்.