சிசிலியன் டிஃபென்ஸ்: தற்காப்பா, அரணா?

பாளையங்கோட்டையில் நடந்த மாணவர் சதுரங்கப் போட்டி ஒன்றில், வெள்ளைக்காய் ஆடியவர் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்த, கறுப்புக்காய் ஆடிய சிறுமி சிப்பாயொன்றைச் சி5 கட்டத்தில் (எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்) வைத்துக் கடிகாரத்தை அழுத்திவிட்டுக் குறிப்புத்தாளில் எழுதினாள். முப்பது நகர்வுக்குள் வெள்ளை ராஜா திணறியது. “தற்காப்புன்னு பேரு வச்சுக்கிட்டு இப்படி அடிக்காளே!” என்றார் அவளை அழைத்துவந்த தாத்தா. அவள் ஆடிய அந்தத் தொடக்கத்தின் பெயர்தான் ‘சிசிலியன் டிஃபென்ஸ்’. அவர் வியப்பில் நியாயம் இருக்கிறது. இந்த ‘டிஃபென்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘டிஃபென்ஸ்’ என்பதன் லத்தீன் வேரில் ‘அடித்து விலக்குதல்’ என்ற பொருளே உள்ளது. சதுரங்கத்திலோ அது, கறுப்பு தேர்ந்தெடுக்கும் தொடக்கமுறை என்ற அளவிலேயே வழங்குகிறது. சி5 சிப்பாய் பதுங்குவதில்லை. டி4 கட்டத்தைக் குறிவைத்து, ஓரச் சிப்பாயைக் கொடுத்து நடுச்சிப்பாயை வாங்கப் பார்க்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியரான பொலேரியோ இதைக் குறித்துவைத்தார். ‘சிசிலிய ஆட்டம்’ என்ற இத்தாலிய வழக்கு, 1813-இல் ஆங்கிலேயச் சதுரங்க எழுத்தாளர் சாரட் வழியாக ஆங்கிலத்தில் நிலைத்தது.

1834-இல் லண்டனில் மெக்டானலுக்கு எதிராகக் கறுப்புக்காய் ஆடிய பிரெஞ்சுக்காரர் லா போர்தொனே, இதே தொடக்கத்தில் வென்ற ஆட்டமொன்று இன்றும் பேசப்படுகிறது. முடிவில் அவருடைய மூன்று சிப்பாய்கள் டி2, இ2, எஃப்2 கட்டங்களில் தோளோடு தோள் நின்றன. கடைசி வரிசையைத் தொட்டு ராணியாக ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டம்தான் பாக்கி. மெக்டானல் 37-ஆம் நகர்வோடு ஆட்டத்தை ஒப்புக்கொடுத்தார். இதைத் தற்காப்பு என்றால் யார் ஏற்பார்?

‘தற்காப்பு’ தன்னை மட்டும் காப்பது. ‘தடுப்பாட்டம்’ கிரிக்கெட் மட்டையை நினைவூட்டுகிறது. நெல்லுக்கு வேலியிட்ட கதையை ஊர்ப்பெயரிலேயே சுமக்கும் நமக்கு ‘வேலி’ இனிக்கும், ஆனால் வேலி திருப்பி அடிக்காது. ‘கோட்டை’யும் ஆகாது, ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றும் காஸ்லிங்கைக் கோட்டை கட்டுதல் என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம்.

ஆகவே ‘அரண்’ என்பதே என் தேர்வு. ‘முனைமுகத்து மாற்றலர் சாய’ என்னும் 749-ஆம் குறள், போர்முனையில் பகைவர் வீழும்படி உள்ளிருப்போர் செய்யும் செயலால் பெருமை பெறுவதையே அரண் என்கிறது. சிசிலிய அரண் என்றும், கறுப்பின் வேறு தொடக்கங்களைப் பிரெஞ்சு அரண், காரோ-கான் அரண் என்றும் எழுதிப் பார்த்தால் நாவிலும் இடறவில்லை.