வாவிக்கு அடியில் ஒரு சைக்கிள் பாதை

கண்டி வாவியைச் சுற்றிப் புகையும் ஹோர்ன் சத்தமுமாக நடப்பதற்குப் பதில், அதற்கு அடியால் நடந்தோ சைக்கிளிலோ அக்கரை போக ஒரு பாதை போட்டால் என்ன? இப்படிக் கேட்டால் மலையகத்தில் முதலில் வரும் பயம் ஒழுக்குதான். உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் 2014 கடைசியில் நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதை யார் மறப்பார்கள்.

ஆனால் அது பாறையைக் குடைந்த சுரங்கம். தண்ணீருக்கு அடியில் இன்னொரு வழி உண்டு: வெளியே பெட்டி பெட்டியாக வார்த்து, மிதக்கவிட்டு இழுத்து வந்து, அடியில் தோண்டிய பள்ளத்தில் இறக்கிப் பூட்டுவது. ரொட்டர்டாமில் 1942இல் திறந்த மாஸ் சுரங்கம் அப்படிக் கட்டியதுதான், அதில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனித்தனிக் குழாய்கள்.

இதில் பெரிய தலைவலி, பெட்டி கீழே இருக்க மறுப்பது. 5 மீற்றர் அகலம், 4 மீற்றர் உயரம், சுவர் அரை மீற்றர் தடிப்பு என்று வைப்போம். ஒவ்வொரு மீற்றர் நீளமும் 20 தொன் தண்ணீரைத் தள்ளுகிறது, அதிலுள்ள கொங்கிரீட்டோ 8 கன மீற்றர், ஏறக்குறைய 19 தொன்தான். அவ்வளவு தடித்த சுவர் இருந்தும் மிதக்கும்! இழுத்து வர அது வசதி, அப்புறம் உள்ளே பாரம் ஏற்றி அமிழ்த்தி, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூட வேண்டும். வாவியில் தடுப்பு கட்டி, தண்ணீரை இறைத்து, காய்ந்த தரையிலேயே கட்டினாலும் (சின்ன வாவிக்கு அதுதான் புத்திசாலித்தனம்) தண்ணீர் திரும்பியதும் இதே கணக்குத்தான்.

சரி, பொருத்து? புதுப் பெட்டியின் முனையில் தடித்த ரப்பர் வளையம் இருக்கும். பழைய பெட்டியோடு லேசாக முட்டவைத்து, இரண்டுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை வெளியேற்றுவார்கள். உடனே மறுமுனையில் இருக்கும் நீரின் அழுத்தம், 8 மீற்றர் ஆழத்தில் சுமார் 160 தொன், பெட்டியைத் தள்ளி ரப்பரை நசுக்கிவிடும். ஒழுக்கை அடைக்கிற வேலையைத் தண்ணீரே செய்கிறது.

எனக்குச் சந்தேகமெல்லாம் ஏற்றத்தில்தான். நூற்றுக்கு ஐந்து என்ற சாய்வு சைக்கிளுக்குத் தாங்கும், அப்படியானால் 8 மீற்றர் இறங்க ஒரு பக்கம் 160 மீற்றர் நீளச் சரிவு வேண்டும். கண்டியில் அதற்கு இடம் எங்கே? ஹம்பர்க்கில் 1911இல் திறந்த எல்பே சுரங்கம் 24 மீற்றர் ஆழம், அதனால் ஆளையும் சைக்கிளையும் லிஃப்டில் இறக்குகிறார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம், கரண்ட் போன நாளில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறத் தயாரென்றால்.