தீரு நகரத்தின் இரத்தாம்பரம்

இரத்தாம்பரம் என்னும் ஊதாத் துணி விற்ற லீதியாளைப் பற்றித் திருமறையில் வாசித்த ஒருவர், அந்தத் துணிக்கு அவ்வளவு விலை ஏன் என்று கேட்டு எழுதியிருந்தார். அதற்கு விடை, இன்றைய லெபனானின் தென்கரையில் சூர் என்று வழங்கும் பழைய தீரு நகரத்தில் இருக்கிறது. கரையை ஒட்டிய தீவில் ஃபினீசியர்கள் வளர்த்த துறைமுகம் அது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம் அதன் குடியேற்றம். கி.மு. 332-இல் கடலைத் தூர்த்துப் பாதை போட்ட அலெக்சாந்தருக்குக்கூட அதைப் பிடிக்க ஏழு மாதங்கள் ஆயின. சாயப்பட்டறைகள் மிகுந்ததால் அவ்வூரில் குடியிருப்பது சகிக்கவில்லை என்றும், அந்தப் பட்டறைகளாலேயே அது செழித்தது என்றும் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார்.

நாற்றத்துக்கும் செல்வத்துக்கும் மூலம், மியூரெக்ஸ் எனப்படும் கடல் நத்தை. உயிருள்ள நத்தையின் சுரப்பியில் இருக்கும் நீருக்கு நிறமில்லை. சுரப்பியை நசுக்கினால் நொதியொன்று அதில் கலந்து வேதிவினை தொடங்குகிறது. ஒரு துளியை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் வைத்தால், மஞ்சள் பச்சையாகி, பச்சை ஊதாவாவதைக் கண்ணெதிரே காணலாம். கந்தகச் சேர்மங்களின் வீச்சமும் கூடவே எழும்.

1909-இல் பால் ஃபிரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே பெற்றார். விலைக்குக் காரணம் இதுதான். அவுரிச் செடி தரும் நீலத்தின் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக இரண்டு புரோமின் அணுக்கள் அமர்ந்ததே இந்த ஊதா என்று அவர் கண்டறிந்தார். அந்தப் புரோமினைக் கடல்நீரே நத்தைக்கு வழங்குகிறது. செயற்கைச் சாயங்கள் சந்தைக்கு வந்துவிட்ட காலத்தில், அறியும் ஆவல் ஒன்றுக்காகவே நடந்த ஆய்வு இது. உடனடிப் பயன் கேட்காமல் இத்தகைய ஆய்வுகளுக்கு நம் நாட்டிலும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தச் சாயம் நீரில் கரையாது. கரையாத பொருள் கம்பளி இழைக்குள் புகாது. எனவே சாயக்காரர்கள் அதை மிதமான சூட்டில் நாள்கணக்கில் ஊறவைத்தார்கள். பண்டைய ரோம எழுத்தாளர் பிளினி இதைப் பத்து நாள் வேலை என்கிறார். தொட்டியில் எஞ்சிய நத்தைச் சதையில் பெருகும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாயத்துக்கு எலெக்ட்ரான்களைக் கொடுக்க, ஊதா மறைந்து, காரநீரில் கரையும் வெளிர்நிற வடிவம் உண்டாகிறது. அதில் தோய்ந்த கம்பளியை வெளியே எடுத்து விரித்தால், காற்றின் ஆக்சிஜன் சாயத்தைப் பழைய வடிவுக்குத் திருப்புகிறது. இழைக்குள் கரைந்து போனது அங்கேயே கரையாப் பொருளாகச் சிக்கிக்கொள்வதால், எத்தனை முறை துவைத்தாலும் வெளியேறுவதில்லை.

தொட்டியை மூடியே வைக்க வேண்டும். கரைந்த நிலையில் வெயில் பட்டால் புரோமின் அணுக்கள் கழன்றுவிடும். அப்போது துணியில் ஏறுவது நத்தை தந்த, ஆனால் அவுரியினதேயான நீலம்.